வீட்டிலேயே கூந்தலை நேராக்குவது: தலைக்குளியல் முதல் மறுநாள் காலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்ட்ரெயிட்னரால் கூந்தலை நேராக்கும் வேலையில் பெரும்பங்கு, அந்தக் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். தலையை எப்படி அலசினோம், எவ்வளவு முழுமையாக உலர்த்தினோம், எவ்வளவு மெல்லிய பகுதிகளாகப் பிரித்தோம் என்ற மூன்றும் சரியாக அமைந்தால், மிதமான சூட்டில் ஒரே இழுப்பில் முடி நேராகிவிடும். இவற்றில் ஒன்று தவறினாலும், அந்தக் குறையை ஈடுகட்டச் சூட்டைக் கூட்டுகிறோம், ஒரே இடத்தை நான்கைந்து முறை இழுக்கிறோம்; முடி பாழாவது பெரும்பாலும் அப்படித்தான். அடர்த்தியாகவும் நீளமாகவும் இருக்கும், வாரத்துக்கு ஒருமுறையாவது எண்ணெய் காணும், நெளியோ சுருட்டையோ உள்ள நம்மூர்க் கூந்தலை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

முடி எப்படி நேராகிறது

முடி பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைப் பிணைத்து வைப்பவற்றில் இரண்டைத் தெரிந்துகொண்டால் இந்த வேலைக்குப் போதும். ஹைட்ரஜன் பிணைப்புகள் எண்ணிக்கையில் மிக அதிகம், ஆனால் வலுவற்றவை. தண்ணீர் பட்டாலும் சூடு பட்டாலும் விடுபட்டு, முடி உலர்ந்து ஆறும்போது அந்த நேரத்தில் எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி இறுகிவிடும். ஈரத்தோடு பின்னிப் படுத்த கூந்தல் காலையில் அலையலையாக அவிழ்வது இதனால்தான். டைசல்ஃபைட் பிணைப்புகளோ உறுதியானவை. அவற்றை உடைத்து மாற்றிக் கட்ட ரசாயனம் தேவை. பார்லர்களில் செய்யும் ரீபாண்டிங் அதைத்தான் செய்கிறது. ஸ்ட்ரெயிட்னர் மாற்றுவது ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டுமே என்பதால், அது தரும் நேர்த்தி அடுத்த தலைக்குளியல் வரைதான் நிற்கும்; அதற்கு மேல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி ஐந்து ஆண்டுப் பழையது. ஐந்து கோடை வெயிலையும், எண்ணற்ற சீப்பு இழுப்புகளையும், உப்புத் தண்ணீரையும், ரப்பர் பேண்டுகளையும் கண்டது. வேரருகே உள்ள முடி போன மாதம் முளைத்தது. இரண்டுக்கும் ஒரே சூட்டை ஒரே நேரம் கொடுப்பது நியாயமில்லை. ஆனால் பெரும்பாலோர் நுனியில்தான் கருவியை அழுத்திப் பிடித்து நிறுத்துகிறார்கள்.

தலையில் புண், சொரி, கடுமையான பொடுகு இருப்பவர்களும், அண்மையில் ப்ளீச் செய்தவர்களும், முடி இழை நடுவில் ஒடிந்து உதிரும் நிலையில் உள்ளவர்களும் இப்போதைக்கு இதைத் தள்ளிப்போடுவது நல்லது. ரீபாண்டிங்கோ கெரட்டின் சிகிச்சையோ செய்துகொண்டவர்கள், அதைச் செய்தவரிடம் கேட்டுக்கொண்டு மட்டுமே சூட்டுக் கருவியைத் தொட வேண்டும். நேராக்கும் ரசாயனக் கிரீம்களை வாங்கி வீட்டில் தாமே பூசி, அதன்மேல் ஸ்ட்ரெயிட்னர் வைப்பது வேண்டவே வேண்டாம். அவற்றில் சில, சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடும். அது கண்ணையும் மூச்சுக்குழலையும் எரியவைப்பதோடு, புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றும் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது.

கருவியைத் தேர்ந்தெடுப்பது

கடையில் முதலில் பார்க்க வேண்டியது, சூட்டைப் பாகைக் கணக்கில் நாமே வைத்துக்கொள்ளும் வசதி. ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகச் சூடாகும் மலிவான கருவிகளில் தகடு எத்தனை பாகையில் இருக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. சந்தையில் உள்ள பல கருவிகள் 230 பாகை செல்சியஸ் வரை போகும் என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். அந்தக் கடைசி 30 பாகை வீட்டில் யாருக்கும் தேவைப்படாது. செராமிக் பூச்சுள்ள தகடு சூட்டைச் சீராகப் பரப்பும் என்பதால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதுவே ஏற்றது. டைட்டானியம் தகடு வேகமாகச் சூடேறி, சூட்டை முடிக்கு வேகமாகக் கடத்தும். கை பழகியவர்களுக்கு அது உதவும். தகட்டின் அகலம் ஓர் அங்குலம் இருந்தால் வேரருகேயும் காதோரமும் சுலபமாக நுழையும். இடுப்பு வரை அடர்த்தியாகத் தொங்கும் கூந்தலுக்கு ஒன்றரை அங்குலத் தகடு நேரத்தை மிச்சப்படுத்தும். வாங்கும்போதே தகடுகளை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவே இடைவெளி தெரிந்தால், அங்கே முடி அழுந்தாமல் நழுவும், நீங்கள் மறுபடி மறுபடி இழுக்க நேரும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் பரிசாகக் கொண்டுவரும் கருவிகளில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட், இங்கே 230. கைப்பிடியிலோ பிளக்கிலோ 100–240 வோல்ட் என்று பொறித்திருந்தால் பிளக்கை மட்டும் மாற்றும் அடாப்டர் போதும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், சாதாரண அடாப்டரில் செருகினாலும் கருவி மூன்று மடங்குக்கும் மேல் மின்சாரத்தை உறிஞ்சிப் புகைந்துவிடும். மற்றபடி ஸ்ட்ரெயிட்னர் அதிக மின்சாரம் இழுக்கும் சாதனமன்று. சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டே போதுமானது. ஹேர் டிரையர் அப்படியில்லை. 2000 வாட் டிரையரை 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் செருக வேண்டும்.

எண்ணெயும் தலைக்குளியலும்

எண்ணெய் தேய்த்த தலையில் ஸ்ட்ரெயிட்னரை வைக்கவே கூடாது. சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெய் சுமார் 175 பாகையிலேயே புகைய ஆரம்பிக்கும். முடியை நேராக்க நாம் வைக்கும் சூடும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் குளிப்பதற்கு முன் எண்ணெய் வைப்பது நல்ல காரியம். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் மட்டுமே முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைத்தது என்று கண்டார்கள். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றாலும், அவர்கள் சொன்ன காரணம் ஏற்கத்தக்கது: அந்த எண்ணெயின் மூலக்கூறு சிறியதாகவும் நேரான சங்கிலியாகவும் இருப்பதால் இழைக்குள் நுழைய முடிகிறது. ஆகவே முந்தின இரவு நுனிப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெய் தடவி, மறுநாள் நன்றாக அலசிவிட்டு, அதன் பிறகு நேராக்குவது சரியான வரிசை. உச்சி முதல் அடி வரை எண்ணெய் வழிய எண்ணெய்க் குளியல் எடுத்த நாளில் மட்டும் வேண்டாம். ஒருமுறை அலசினால் அது முழுதாகப் போகாது.

ஷாம்பூவை உச்சந்தலையிலும் பிடரியிலும் தேய்த்து, நுரையை மட்டும் நீளத்துக்கு வழித்துவிட்டால் போதும். எண்ணெய்ப் பசை இருந்தால் இரண்டாம் முறையும் போடலாம். சீயக்காய் பழகியவர்கள் அதையே பயன்படுத்தலாம். ஆனால் தூள் திப்பி திப்பியாக முடியில் தங்கிவிடாதபடி அலச வேண்டும், ஏனெனில் தகட்டுக்கு இடையே அந்தத் துணுக்குகள் கருகி முடியில் ஒட்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில், தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிந்து அதைச் சொரசொரப்பாக்கிவிடும். கடைசி அலசலுக்காவது ஒரு வாளி நல்ல தண்ணீரோ, பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ கிடைத்தால், முடி வழுக்கிக்கொண்டு போவதை விரலிலேயே உணரலாம். கண்டிஷனரைக் காது மட்டத்துக்குக் கீழே மட்டும் தடவி, அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள்.

உலர்த்துவது

இந்த வேலையில் மிகவும் அலட்சியப்படுத்தப்படும் கட்டம் இதுவே. நான் அதிகம் வலியுறுத்த விரும்புவதும் இதைத்தான். துணிக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் சுருக்கம் நன்றாக எடுபடுகிறது என்பதால், கூந்தலும் லேசாக ஈரமாக இருந்தால் நன்றாக நேராகும் என்று பலர் நம்புகிறார்கள். முடி துணி போன்றதன்று. இழைக்குள் இருக்கும் நீர், தகட்டின் சூட்டில் ஒரே நொடியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குமிழ்களாக வெடிக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் இழை நெடுகக் காற்றுப் பைகள் தெரியும். அந்த இடங்களில் முடி பிறகு ஒடியும், அதைச் சரிசெய்ய எந்த சீரமும் இல்லை. மேலும், உலர்ந்த முடியின் கெரட்டின் கட்டமைப்பு 230 பாகையை ஒட்டிய சூட்டில்தான் முழுவதுமாகக் குலைகிறது. முடி நனைந்திருந்தால் 150 பாகையை ஒட்டியே அது நிகழ்ந்துவிடும். தகடு பட்டதும் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டால், அடுத்த நொடியே நிறுத்திவிட்டு மறுபடி உலர்த்தத் தொடங்க வேண்டும்.

துவாலையால் முறுக்கிப் பிழியாமல், பழைய பருத்தி டீ-ஷர்ட்டாலோ மெல்லிய வேட்டித் துணியாலோ ஒற்றி எடுங்கள். பாதிக்கு மேல் தானாகக் காய்ந்த பிறகு டிரையரை எடுத்து, ஒரு கையளவு தள்ளிப் பிடித்து, வேரிலிருந்து நுனி நோக்கிக் காற்று போகும்படி, பிரஷ்ஷால் முடியை இறுக்கமாக இழுத்தபடி உலர்த்துங்கள். இப்படி இழுத்து உலர்த்தும்போதே நெளி பாதிக்கு மேல் போய்விடும். ஹைட்ரஜன் பிணைப்புகள் நேரான வடிவத்திலேயே இறுகிவிடுவதால், ஸ்ட்ரெயிட்னருக்கு மிஞ்சுவது கொஞ்ச வேலைதான். டிரையர் இல்லாதவர்கள் மின்விசிறிக்குக் கீழே சிக்கெடுத்தபடி காயவைக்கலாம்; அடர்த்தியான கூந்தலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்க வேண்டும். வெளிப்புறம் காய்ந்ததும் உலர்ந்துவிட்டது என்று நினைத்துவிடுவது இயல்பு. பிடரிக்கு மேலே, கொண்டை போடும் இடத்தில் விரலை நுழைத்து வேர்ப் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே குளிர்ச்சி தட்டினால் ஈரம் இன்னும் இருக்கிறது.

சூட்டுக் காப்பும் சூட்டின் அளவும்

ஹீட் ப்ரொடெக்டன்ட் என்று விற்கும் ஸ்ப்ரே அல்லது கிரீமில் பெரும்பாலும் டைமெத்திகோன் போன்ற சிலிக்கோன்கள் இருக்கும். அவை முடிமேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு உள்ளே போகும் வேகத்தைக் குறைத்து, தகடு வழுக்கிச் செல்ல உதவுகின்றன. சேதத்தை அவை குறைக்குமே தவிர, முற்றிலும் தடுக்காது. ஈர முடிக்கானது, உலர்ந்த முடிக்கானது என்று இரு வகை உண்டு. புட்டியில் படித்துப் பாருங்கள். உலர்ந்த முடியில் தெளித்தாலும், சீவி எல்லா இழைகளிலும் பரப்பி, அந்தத் தெளிப்பும் முழுதாகக் காய்ந்த பிறகே சூடு வைக்க வேண்டும். கற்றாழைச் சாறு, தயிர் போன்ற வீட்டுப் பொருள்களை இதற்கு மாற்றாகப் பூசுவதில் பயனில்லை. அவற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

சூட்டைப் பொறுத்தவரை, மெல்லிய முடிக்கும் சாயமோ ப்ளீச்சோ ஏறிய முடிக்கும் 140 முதல் 150 பாகை, நடுத்தர முடிக்கு 160 முதல் 175, சாயம் காணாத தடித்த சுருட்டை முடிக்கு 180 முதல் 190 பாகை என்று தொடங்கலாம். 200 பாகையைத் தாண்ட வேண்டாம். முதலில் பின்பக்கத்தில் வெளியே தெரியாத ஒரு சிறு பகுதியை எடுத்து, உங்களுக்குரிய வரம்பின் மிகக் குறைந்த அளவில் இழுத்துப் பாருங்கள். ஓர் இழுப்பில் நேராகிவிட்டால் அதுவே உங்கள் அளவு. இல்லையென்றால் பத்துப் பாகை கூட்டுங்கள். குறைந்த சூட்டில் ஐந்து முறை இழுப்பதைவிட, சற்றே கூடுதலான சூட்டில் ஒருமுறை இழுப்பது மேல்.

பிரித்தலும் இழுத்தலும்

நடு வகிடு எடுத்து, பிறகு காதிலிருந்து காதுக்கு ஒரு கோடு கிழித்து, கூந்தலை நான்கு பாகமாக்கி கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். பிடரியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி வருவதே சரியான வரிசை. மேலிருந்து தொடங்கினால், நேராக்கிய முடிமேலேயே நேராக்காத முடி புரண்டு கலையும். ஒவ்வொரு முறையும் எடுக்கும் பகுதி தகட்டின் அகலத்தைத் தாண்டாமலும், விரலில் விரித்துப் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவு மெல்லியதாகவும் இருக்க வேண்டும். தடித்த பகுதியாக எடுத்தால் வெளியே உள்ள முடி வெந்துபோகும், நடுவில் உள்ளது நெளியாகவே இருக்கும்.

பகுதியை நன்றாகச் சீவிச் சிக்கெடுத்தபின், தலைத்தோலிலிருந்து ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் தள்ளித் தகடுகளை மூடுங்கள். அழுத்தம் மிதமாக இருக்கட்டும். இன்னொரு கையில் நெருக்கப் பல் சீப்பைப் பிடித்து, தகட்டுக்குச் சற்று முன்னால் அது முடியைச் சீவிக்கொண்டே போக, பின்னாலேயே தகடு தொடர வேண்டும். சீப்பு தரும் இழுவிசையால் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உள்ளே நுழைகின்றன. முதல் நாள் இரண்டு கையும் ஒத்துழைக்காது. கருவியைச் சூடாக்காமல் சில முறை பழகிக்கொண்டால் சுலபமாகிவிடும். வேகம் சீராக இருப்பது மிக முக்கியம்: அரை மீட்டர் நீளத்துக்குப் பதினைந்து இருபது வினாடி என்ற கணக்கில், எங்கும் நிற்காமல் இழுத்து வர வேண்டும். நடுவே நின்றால் அந்த இடத்தில் குறுக்காக ஒரு மடிப்புக்கோடு விழும். அதைப் போக்க மறுபடி இழுக்க நேரும். கடைசி ஐந்தாறு சென்டிமீட்டரில் வேகத்தைச் சற்றுக் கூட்டி, மணிக்கட்டை லேசாக உட்புறம் திருப்பி விட்டுவிடுங்கள். பழைய நுனிக்குச் சூடு குறையும், முடியும் விறைத்து நிற்காமல் இயல்பாக வளைந்து விழும்.

பின்னந்தலையைத் தாமே செய்வது கடினம் என்பது உண்மை. பகுதியைத் தோளுக்கு மேலாக முன்பக்கம் கொண்டுவந்து இழுத்தால், கை வலிக்காமல், கண்ணாடியிலும் தெரியும். உச்சியின் பின்புறத்துக்கு வீட்டில் யாராவது உதவினால் நல்லது. நெற்றியோரப் பூனைமுடிகளைத் தகட்டால் பிடிக்க முயல வேண்டாம். சூடுபட்ட தழும்புகள் பெரும்பாலும் நெற்றியிலும் காது மடலிலும்தான் விழுகின்றன. பல் துலக்கும் புது பிரஷ்ஷில் துளி சீரம் தொட்டுச் சீவினால் அவை படிந்துவிடும்.

சூடு பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் அந்த இடத்தை இருபது நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், இங்க், மாவு, வெண்ணெய் எதையும் பூசக் கூடாது. ஐஸ் கட்டியும் வைக்கக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தாலோ, கண்ணருகே பட்டிருந்தாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, தகடு முழுதாக ஆறும்வரை குழந்தைகளுக்கு எட்டாத, தீப்பிடிக்காத பரப்பில் வையுங்கள். கட்டிலிலோ போர்வை மேலோ வைக்க வேண்டாம். ஆறிய தகட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டால், படிந்த ஸ்ப்ரே அடுத்த முறை கருகி முடியில் ஒட்டாது.

நேர்த்தியைக் காப்பது

இழுத்த முடி ஆறும்போதுதான் வடிவம் இறுகுகிறது. ஆகவே முழுக் கூந்தலும் முடிந்தபின் பத்து நிமிடமாவது கட்டாமல், காதுக்குப் பின்னே ஒதுக்காமல், கையால் கோதாமல் விடுங்கள். பிறகு இரண்டு மூன்று துளி சீரத்தை உள்ளங்கையில் தேய்த்து நீளத்தில் மட்டும் தடவலாம்.

இனி எதிரி ஈரம்தான். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலுள்ள ஈரத்தை முடி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் மாலைக்குள் நெளி தலைகாட்டும். அதைக் கண்டு சூட்டைக் கூட்டிப் பயனில்லை. அப்படிப்பட்ட நாள்களில் பாதியை நேராக விட்டு மீதியைத் தளர்வாகக் கட்டிக்கொள்ளும் அலங்காரமே ஏற்றது. சமையலறையில் சோறு வடிக்கும்போதும் குக்கரைத் திறக்கும்போதும் எழும் ஆவி நெற்றியோர முடியை நொடியில் சுருட்டிவிடும் என்பதால், தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். விசேஷங்களுக்கு மல்லிகைச் சரம் வைப்பவர்கள், பூக்காரர் தண்ணீர் தெளித்துத் தருவதை மறக்க வேண்டாம். நன்றாக உதறி, துணியில் ஒற்றி, நாரின் ஈரம் காய்ந்த பிறகு சூடினால், பூ வைத்த இடத்தில் மட்டும் முடி நெளிந்து நிற்காது. இரவில் தளர்வாக ஒன்றுசேர்த்து, பழைய பட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தால், காலையில் சீப்பு மட்டுமே போதும். கலைந்த ஓரிரு இழைகளுக்காக மறுபடி முழுத் தலைக்கும் சூடு வைக்கக் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால், வாரத்துக்கு ஒருமுறை என்பதே என் உச்ச வரம்பு. விசேஷங்களுக்கு மட்டும் என்றால் இன்னும் நல்லது. தினமும் காலையில் அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ கிளம்பும் அவசரத்தில், கொஞ்சம் ஈரத்தோடு, முன்பக்க முடியை மட்டும் ‘ஒரு இழு’ இழுத்துக்கொள்ளும் பழக்கம், நிதானமாக வாரம் ஒருமுறை முழுக் கூந்தலையும் நேராக்குவதைவிடப் பன்மடங்கு கெடுதலானது.

ஒவ்வொரு முறையும் அடுத்த தலைக்குளியலுக்குப் பின், டிரையர் படாமல் காயவிட்டு, முடியைக் கவனமாகப் பாருங்கள். பழைய நெளியோ சுருட்டையோ முழுதாகத் திரும்பியிருந்தால், சூடு அளவோடுதான் இருந்திருக்கிறது. சில இடங்கள் மட்டும் சுருளாமல் தொய்ந்து தொங்கினால், இழையின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டால், நுனி இரண்டாகப் பிளந்திருந்தால், சீப்பில் வேரில்லாத குட்டை முடிகள் சேர்ந்தால், உறுதியான பிணைப்புகளும் சிதைந்துவிட்டன என்று பொருள். முடி உயிரற்ற இழை என்பதால் அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. கண்டிஷனரும் எண்ணெயும் அதை மிருதுவாகக் காட்டுமே தவிர, பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஸ்ட்ரெயிட்னரைப் பெட்டியில் வைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெட்ட நுனியை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டே வாருங்கள். தோள் வரை உள்ள முடியில் கெட்ட பகுதி 10 சென்டிமீட்டர் என்றால், நீளம் குறையாமல் அதை முழுவதும் நீக்க ஏறக்குறைய பத்து மாதம் ஆகும்.